காற்று வரும் வழி

சோன்ட்ரே எழுந்தான். கட்டிலின் ஓரத்தில் கிடந்த கம்பளிக் காலுறைகளை மாட்டிக்கொண்டான். முகம் கழுவினான். சமையலறை ஜன்னலுக்கு வெளியே தொங்கிய வெப்பமானியில் கைவிளக்கை அடித்துப் பார்த்தான். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு. காப்பிக்குத் தண்ணீர் வைத்தான். இரண்டு கோப்பைகளை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். ரொட்டித் துண்டின் மேல் பழுப்புச் சீஸைச் சீவிப் போட்டு, நின்றபடியே தின்றான். பிறகு பின்கதவின் கைப்பிடியில் கயிற்றைக் கட்டினான்.

படகில் கட்டும் நீல நைலான் கயிறு. ஒரு முனை கைப்பிடியில், மறுமுனை சுவரில் அவனே அடித்த இரும்புக் கொக்கியில். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. கயிறு விட்டுக்கொடுக்கும் வரை தள்ளினால் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். அதற்கு மேல் போகாது.

அந்த இடைவெளி இல்லாமல் கணப்பு பற்றாது. வீடு அவ்வளவு இறுக்கம். அவன் மனைவி இங்வில் ஒரு கோடை முழுவதும் சுவர்களைப் பிரித்து, பஞ்சு அடைத்து, ஜன்னல் விளிம்புகளில் பட்டை ஒட்டி, காற்று நுழைய ஓர் ஊசித் துளைகூட விடாமல் செய்திருந்தாள். கணப்போ பழைய வார்ப்பிரும்பு. அறைக்காற்றைத்தான் அது உறிஞ்சும். புகைபோக்கி மேலே இழுக்க வேண்டுமானால் கீழே எங்கிருந்தாவது காற்று வர வேண்டும். வராவிட்டால் புகை அறைக்குள் திரும்பும். அதனால் பற்றவைக்கும்போது கதவைச் சற்றுத் திறந்து வைப்பார்கள். நெருப்பு பிடித்ததும் மூடிவிடுவார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டைப் புதுப்பித்தவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

எல்லோரும் கயிறு கட்டுவதில்லை.

கட்டைகளை அடுக்கினான். தடித்தவை கீழே, சிம்புகள் மேலே, உச்சியில் பிர்ச் மரப்பட்டை ஒரு சுருள். மேலிருந்து பற்றவைத்தான். பட்டை சுருங்கிக் கருகி, அதன் எண்ணெய் வாசம் எழுந்து, சுடர் ஒவ்வொரு சிம்பாகத் தொட்டுப் பார்த்துக் கீழே இறங்க, கதவிடுக்கின் வழியே வந்த குளிர் தரையோடு தரையாக ஊர்ந்து அவன் கணுக்காலைச் சுற்றி, கணப்பின் அடிவாயை நோக்கிப் போனது. புகைபோக்கிக்குள் மெல்லிய உறுமல் கேட்டது. இழுக்கத் தொடங்கிவிட்டது.

அவன் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். ஒரு கை கயிற்றின் மேல்.

விறகுக் கொட்டகைப் பக்கமிருந்து கட்டையோடு கட்டை மோதும் சத்தம் வந்தது. உலர்ந்த, பளிச்சென்ற சத்தம். மறுபடி ஒன்று. யாரோ எடுத்து அடுக்கிக்கொள்கிறார்கள். பிறகு பனி மிதிபட்டது. இந்தக் குளிரில் பனி கிறீச்சிடும். ஒவ்வொரு காலடியும் தனித்தனியாகக் கேட்கும். அவசரமில்லாத நடை. பாரம் தூக்கியவரின் நடை. படியேறியது. நின்றது.

இடுக்கின் கீழ்ப்பகுதியில், தரைக்குச் சற்று மேலே, ஏதோ உரசியது. பூட்ஸின் நுனி.

கயிறு விறைத்தது.

அவன் பாய்ந்து கதவை இழுத்துச் சாத்தித் தாழிட்டான். சுடர் தாழ்ந்தது. புகை கணப்பின் விளிம்புகளில் கசிந்து கூரையடியில் பரவியது. கதவின் கீழ்ப்பாதியில் இரண்டு இடிகள் விழுந்தன. கை முட்டியின் சத்தம் அல்ல. பூட்ஸ்.

அதன் பிறகு ஒன்றுமில்லை. காப்பியைக் குடித்தான். ஆறியிருந்தது.

நண்பகலுக்கு வானம் நீலமாக வெளுத்தது. இந்த வடகோடியில் சூரியன் ஜனவரி வரை வராது. அந்த நீலம்தான் பகல். முன்கதவு வழியாக மண்வெட்டியோடு வெளியேறி வீட்டைச் சுற்றி வந்தான். பின்படிக்கட்டில் இரவு விழுந்த பனி கலையாமல் கிடந்தது. ஒரு தடமும் இல்லை. படியின் மேல், கதவை ஒட்டி, ஒரே ஒரு பிர்ச் கட்டை. பட்டை மேற்பக்கமாக, நேராக வைக்கப்பட்டிருந்தது.

உள்ளே கொண்டுபோய் மூலைக்கூடையில் மற்றவற்றோடு போட்டான். அந்தக் கூடையிலிருந்து அவன் எதையும் எரிப்பதில்லை.

அக்டோபரில் முதல் குளிரோடு இது தொடங்கியது. முதலில் முன்கதவைத் திறந்து வைத்துப் பார்த்தான். நடை வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்தது. கணப்பே வேண்டாமென்று சுவரில் மாட்டிய மின்சூடேற்றியை மட்டும் நம்பினான். தண்ணீர்க் குழாய் உறைந்தது. கடுங்குளிர் நாட்களிலாவது பற்றவைத்தே ஆக வேண்டும். பற்றவைக்கும்போது திறந்தே ஆக வேண்டும். திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டை.

இங்வில் பிப்ரவரியில் இறந்தாள். கொட்டகைக்கும் பின்கதவுக்கும் நடுவில், கூரையிலிருந்து சரிந்த பனிக்கு அடியில். விறகு எடுக்கப் போயிருந்தாள். அவள் கூடையில் தூக்கமாட்டாள். இடது முழங்கையை மடக்கி, தாடை முட்டும்வரை கட்டைகளை அடுக்கிக்கொண்டு வருவாள். கதவிடுக்கில் பூட்ஸ் நுனியைக் கொடுத்து இழுத்துத் திறப்பாள்.

*

பனி அள்ளும் டிராக்டரோடு அர்ன்ஃபின் வந்தார். அடுத்த பண்ணைக்காரர். பிப்ரவரியில் பனியைத் தோண்டி அவளை வெளியே எடுத்தது அவர்தான். முற்றத்தை வழித்துத் தள்ளிவிட்டு, கேட்காமலே உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி மேசையில் போட்டார்.

"என்னப்பா இது, புகைக்குள்ள உக்காந்து கருவாடா ஆகுறியா? கதவைத் திறந்து வச்சுப் பத்தவைக்க மாட்டியா?"

"வைக்கிறேன்."

"வச்சா இப்படி ஆகாதே. உன் பொண்டாட்டி இந்த வீட்டைத் தெர்மாஸ் பிளாஸ்க் மாதிரி ஆக்கிட்டுப் போயிட்டா. ஒருத்தன் குசு விட்டாக்கூட வசந்த காலம் வரைக்கும் வெளியே போகாது."

சோன்ட்ரே காப்பி ஊற்றினான். பேச்சு ஓடட்டும் என்று விட்டு, பிறகு கேட்டான்.

"அர்ன்ஃபின், நீங்க என் பின்படியில விறகு வச்சுட்டுப் போறீங்களா?"

"நானா? உனக்கா?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "என் கோடாரியை வாங்கிட்டுப் போய் காம்பை உடைச்சுத் திருப்பிக் கொடுத்தவன் நீ. உனக்கு விறகு வேற தானம் பண்ணணுமா நான்?"

சிரிப்பு சட்டென்று நின்றது. கைப்பிடியில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். பிறகு அவர் கண் கதவோடு கீழே இறங்கியது.

"கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுசா பெயின்ட் அடிச்சிருக்க. வெளியே பாத்தேன்."

"தேஞ்சிருந்தது."

"கதவுன்னா கைப்பிடிகிட்டதான் தேயும்."

சோன்ட்ரே அவர் கோப்பையை மறுபடி நிரப்பினான். இவர் ஏன் கதவைப் பார்க்கிறார்? அன்று தோண்டும்போது என்ன பார்த்தார்? எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் ஒன்பது மாதமாக வந்து போகிறாரா? அர்ன்ஃபின் காப்பியை உறிஞ்சினார். அவருக்கும் ஏதோ கேட்க இருந்தது, கேட்கவில்லை.

"அடக்கத்தன்னிக்குப் பாதிரியார் சொன்னதை நெனச்சுக்கோப்பா. அவ கடைசியா உன்கிட்ட சொன்னது. 'நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்.' எவ்வளவு நல்ல வார்த்தை. கோயில்ல எல்லாரும் அழுதுட்டாங்க."

"ம்."

அதைப் பாதிரியாரிடம் சொன்னது சோன்ட்ரேதான்.

"இந்த இரும்பைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுக் கணப்பு வாங்கு," என்றார் அர்ன்ஃபின் எழுந்துகொண்டே. "இப்பல்லாம் வெளியேருந்து குழாய் வழியா நேரா காத்து வாங்குறது வந்திருக்கு. கதவைத் திறக்கவே வேண்டாம்."

"திறக்கவே வேண்டாமா?"

வேகமாகக் கேட்டுவிட்டான். அர்ன்ஃபின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தபடி நின்றார்.

*

கடை நகரத்துத் துறைமுகத்தை ஒட்டி இருந்தது. வைத்திருந்தவள் யோருன், அறுபதை நெருங்கியவள், தடித்த கம்பளிச் சட்டை, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி விட்டிருந்தாள். கணப்புகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் கண்ணாடி முகம். ஒன்றில் மட்டும் நெருப்பு எரிந்தது.

"எவ்வளவு பெரிய வீடு?"

சொன்னான்.

"அப்ப இந்தச் சின்னது போதும். முகத்தைச் சுளிக்காதே. இங்க வர்ற ஆம்பளை எல்லாம் பெருசுதான் வேணும்பான். பெருசை வாங்கிட்டுப் போய், சூடு தாங்காம ஜட்டியோட உக்காந்திருப்பான். அப்புறம் விறகு மிச்சம்னு காத்தை அடைப்பான். அடைச்சா நெருப்பு மூச்சுத் திணறும். தார் வடியும். கண்ணாடி கறுத்துப் போகும். கண்ணாடி கறுத்தா என்ன அர்த்தம் தெரியுமா?"

"என்ன?"

"உள்ள இருக்கிறதுக்குக் காத்து கிடைக்கலைன்னு அர்த்தம்."

அவன் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருந்தான். எரிதிறன், புகையில் மிஞ்சும் துகள், இரண்டாம் காற்று புகையையே மறுபடி எரிக்கும் விதம். சாலைத்துறையில் பொறியாளன், எண்கள் அவனுக்குப் புரியும். ஆனால் கேட்க வந்தது ஒன்றைத்தான்.

"இது கதவைத் திறக்காமலே பத்துமா?"

"பத்தும். வெளிக்காத்துக் குழாய் இருக்கே. பாரு, எண்பது சதவீதத்துக்கு மேல சூடு அறைக்குத்தான் வரும். உன் பழைய இரும்புல பாதி வானத்துக்குப் போகுது. அந்த மாக்கல் போர்த்தினதையும் பாத்துடு. கல்லு சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். ராத்திரி நெருப்பு அணைஞ்சாலும் விடிய கை வச்சா வெதுவெதுன்னு இருக்கும். பக்கத்துல ஆள் படுத்து எந்திரிச்ச மாதிரி..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

"அது வேண்டாம்," என்றான். "சின்னதே போதும். எந்த நிலையிலும் திறக்க வேண்டாமா? கடுங்குளிர்லகூட?"

"எத்தனை தடவைப்பா கேப்ப? உனக்கும் கதவுக்கும் என்ன பகை?"

"குளிர் வருது."

"பொய்யி. வடக்கத்தியான் குளிருதுன்னு கடையில வந்து சொன்னதா சரித்திரமே இல்ல." சிரித்தாள். ஆனால் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டி, அவனை ஒரு முறை முழுதாகப் பார்த்தாள். "யாரு உள்ள வந்துடக் கூடாதுன்னு பாக்குற?"

வேடிக்கைக்குத்தான் கேட்டாள். வேடிக்கைக்குத்தானா? அர்ன்ஃபின் இவளிடம் ஏதாவது சொல்லியிருப்பாரா?

அவள் அலமாரியிலிருந்து ஒரு குழாய்த் துண்டை எடுத்தாள். வெள்ளி நிறம், ஒரு கை நுழையும் அகலம்.

"இதான் விஷயம். சுவர்ல ஓட்டை போட்டு இதைச் சொருகிடுவோம். இந்த முனை வெளியே. அந்த முனை நெருப்பு. நடுவுல எதுவும் கிடையாது."

அவன் குனிந்து குழாயின் வழியே பார்த்தான். மறுமுனையில் அவள் விளையாட்டாக வாயை வைத்து ஊதினாள். மூச்சு அவன் கண்ணில் பட்டது. வெதுவெதுப்பாக.

*

இரண்டு வாரம் கழித்து யோருன் வேனில் கணப்போடு வந்தாள். சாலையிலிருந்து அர்ன்ஃபினின் டிராக்டரில் ஏற்றி முற்றம் வரை கொண்டுவந்தார்கள். பழைய இரும்பை மூவருமாகத் தூக்கி வெளியே வைத்தார்கள். அதன் வயிற்றுக்குள் கிடந்த சாம்பல் பனியில் கொட்டியது.

"ஓட்டை எங்க போடலாம்?" யோருன் சுவர்களைத் தட்டிப் பார்த்தாள். "மேற்கே வேண்டாம். புயல் நேரா அடிச்சு நெருப்பை வெளியே துப்பிடும். முன்பக்கம் பனி குவிஞ்சு வாயை மூடிடும். இந்தப் பக்கம்தான் சரி. கதவுக்குப் பக்கத்துல, கொட்டகை மறைவுல."

"இங்க வேண்டாம்."

"ஏன்?"

சோன்ட்ரே பின்கதவைப் பார்த்தான். அர்ன்ஃபின் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். அவருக்கு அந்த இடம் தெரியும். அவர் மண்வெட்டி முதலில் துணியில் தட்டிய இடம்.

"வேற இடம் இல்லப்பா," என்றார் மெதுவாக. "சுவரு சுவருதான். விடு."

துளைப்பான் அலறியது. மரத்தூள் பறந்தது, பைன் வாசமும் சூடேறிய இரும்பின் வாசமும் சேர்ந்து வந்தன. சுவர் ஒரு வட்டத் துண்டாக வெளியே விழுந்தது. அதோடு இங்வில் கையால் அடைத்த வெள்ளைப் பஞ்சும் பிதுங்கி விழுந்தது. துளையில் நீல வெளிச்சம் தெரிந்தது. சோன்ட்ரே உள்ளங்கையைத் துளைமேல் வைத்தான். குளிர் அவன் கையைத் தள்ளவில்லை. உறிஞ்சியது. மெல்ல. விட்டது. மறுபடி உறிஞ்சியது.

"என்ன பண்ற?" என்றாள் யோருன்.

"ஒண்ணுமில்ல."

குழாயைச் சொருகி, கணப்போடு பொருத்தி, புகைபோக்கியில் இணைத்தாள். வெளிமுனைக்கு வலை கொண்டுவர மறந்துவிட்டதாகச் சொன்னாள். "எலி வராம இருக்கத்தான். அடுத்த வாரம் வந்து மாட்டிடறேன். அதுக்குள்ள எந்த எலி இந்தக் குளிர்ல வரப்போகுது." அர்ன்ஃபினைக் கூட்டிக்கொண்டு டிராக்டருக்குப் போய், கருவிகளை ஏற்றிவிட்டுத் திரும்பினாள். பிறகு சோன்ட்ரே அடுக்கிப் பற்றவைத்தான். மேலிருந்து.

சுடர் எழுந்தது. தயங்கியது. சாய்ந்து படுத்தது.

"இழுக்கல," என்றாள் யோருன். காற்றுத் திறப்பை முழுதும் இழுத்துவிட்டாள். சுடர் நீலமாகி ஒடுங்கியது. "புதுசு. இப்படி ஆகாதே."

அவளும் அர்ன்ஃபினும் வெளியே போனார்கள். சுவருக்கு அப்பால் அவர்கள் குரல் கேட்டது. திடீரென்று கேட்கவில்லை. உடனே கணப்புக்குள் நெருப்பு உறுமி எழுந்து கண்ணாடி முழுவதும் நிரம்பியது.

யோருன் உள்ளே வந்தாள். கையில் ஒரு பிர்ச் கட்டை. ஒல்லியானது, நுனியில் பனி உறைந்தது.

"எந்த மடையன்டா இதைச் சொருகினது? குழாய் வாயில தக்கை மாதிரி இருக்கு."

அர்ன்ஃபினைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்குற? நான் உன்கூடத்தானே டிராக்டர்கிட்ட நின்னேன்."

பிறகு இருவரும் சோன்ட்ரேயைப் பார்த்தார்கள். அவன் அவர்களைப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. நெருப்பு மட்டும் நன்றாக எரிந்தது.

"சரி," என்றாள் யோருன் கடைசியில், கட்டையை அவன் கையில் கொடுத்து. "எரிச்சுடு. காஞ்ச கட்டைதான்."

அவள் வேன் போனது. அர்ன்ஃபின் வாசலில் நின்றார்.

"இன்னிக்கு எங்க வீட்டுக்கு வாயேன். மீன் சூப்பு இருக்கு. சோபாவுல படுத்துக்கலாம்."

"இல்ல. கணப்பைப் பாக்கணும்."

"அந்தக் கயிறை அவுத்துடுப்பா. இனி வேண்டாமே." தயங்கினார். "நான் எதையும் யாருகிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அது உனக்குத் தெரியணும்."

எதை என்று சோன்ட்ரே கேட்கவில்லை. முன்கதவைப் பூட்டினான். டிராக்டரின் சத்தம் சாலைவரை தேய்ந்து போனது.

*

நீலம் வடிந்து இருட்டியது. பிற்பகல்தான். அறை சூடானது. அக்டோபருக்குப் பிறகு முதல் முறையாக அவன் கம்பளிச் சட்டையைக் கழற்றினான். கணப்பு சிறியது, அடக்கமாக எரிந்தது. கண்ணாடி பளிங்காக இருந்தது. அடிக்கட்டைகள் சிவந்து, அவற்றின் மேல் புகையே எரிந்து நீண்ட மஞ்சள் நாக்குகளாக அசைந்து, விறகு எப்போதாவது ஒரு முறை முறிந்து பொறி உதிர்க்கும் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. பின்கதவு தாழிட்டிருந்தது. திறக்கப்படவேயில்லை. கொட்டகையில் கட்டை மோதவில்லை. பனி கிறீச்சிடவில்லை.

முடிந்தது என்று நினைத்தான். அழலாம் போலிருந்தது. வரவில்லை.

யோருன் கொடுத்த கட்டையை மூலைக்கூடையில் போடப் போனான். கூடை நிறைந்திருந்தது. ஏன் என்று தெரியாமலே குனிந்து, இடது முழங்கையை மடக்கி, கூடையிலிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக அதன் மேல் அடுக்கினான். மார்புக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. கடைசியாக அந்த ஒல்லிக் கட்டை. தாடையில் முட்டியது.

அதற்கு மேல் இடமில்லை. கூடையில் வேறு கட்டையும் இல்லை.

ஒரு பாரம். அவள் தூக்கும் பாரம். சரியாக அவ்வளவு.

அவன் அப்படியே நின்றான். பிர்ச் பட்டையின் வாசம் மூக்கில் ஏறியது. அக்டோபரிலிருந்து அது கதவுக்கு வந்து, திறக்க முடியாமல், ஒவ்வொரு முறையும் ஒன்றை இறக்கி வைத்திருக்கிறது. பாரத்தைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறது. இன்று கடைசிக் கட்டையையும் இறக்கிவிட்டது.

இப்போது அவள் கையில் ஒன்றுமில்லை.

கட்டைகள் நழுவித் தரையில் உருண்டன. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு, வெளியே பனி கிறீச்சிட்டது.

பாரமில்லாத நடை. வேகமான நடை. படியேறியது. பூட்ஸ் உரசவில்லை. கதவு உதைபடவில்லை.

கைப்பிடி கீழே இறங்கியது. மெதுவாக, முழுதும். கதவு அசைந்து தாழில் முட்டியது. நின்றது. கைப்பிடி மேலே வந்தது.

அவன் கயிற்றைப் பிடித்தான். சுற்றினான். முடிச்சுப் போட்டான். இன்னொரு முடிச்சு.

காலடி படியிறங்கியது. சுவரின் வெளிப்பலகையில் ஏதோ தடவிக்கொண்டு போனது. கை. உள்ளங்கை. பலகை பலகையாக. தேடுகிற கை.

குழாய் இருந்த இடத்தில் நின்றது.

கணப்பில் சுடர் சாய்ந்தது. உள்நோக்கி. பிறகு வெளிநோக்கி. மறுபடி உள்ளே.

மூச்சு.

காற்றுத் திறப்பை மூடப் பாய்ந்தான். இறுகிக்கொண்டது. இரண்டு கையாலும் தள்ளினான். நகரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்திருந்தார்கள்.

இந்த முனை வெளியே. அந்த முனை நெருப்பு. நடுவுல எதுவும் கிடையாது.

குழாய்க்குள் சத்தம். ஈரக் கம்பளி தகரத்தில் இழுபடும் சத்தம். ஒரு கை நுழையும் அகலம்தான். ஒரு கைதான் நுழையும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டான்.

இழுபட்டது. நின்றது. இழுபட்டது.

கம்பளி கருகும் நாற்றம்.

கண்ணாடி அடியிலிருந்து கறுத்தது. பாதிவரை. முழுவதும். நெருப்பு தெரியவில்லை. அறை இருண்டது. உள்ளே இருப்பதற்குக் காற்று கிடைக்கவில்லை.

ஓடலாம். முன்கதவு. சாவி எங்கே? கால் கட்டையில் தடுக்கியது. விழுந்தான். தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

கறுத்த கண்ணாடியில் ஒரு கோடு வெளுத்தது. உள்ளிருந்து. பக்கத்தில் இன்னொரு கோடு. ஐந்து. ஓர் உள்ளங்கை கரியைத் துடைத்துவிட்டு அங்கேயே பதிந்து நின்றது. விரல்களுக்கு இடையில் சிவப்பு.

அதன் பக்கத்தில் இன்னொன்று.

இரண்டு கைகள்.

பிப்ரவரி. அன்றும் இதே நேரம். கதவு சற்றே திறந்திருந்தது. கணப்பு பற்றிக்கொண்டது. அறை குளிர்ந்தது. அவன் மேசையிலிருந்து எழுந்து போய்க் கதவை மூடினான். திரும்பி வந்தான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். உதைத்த சத்தம் கேட்கவில்லை. கூரைப் பனி சரிந்த சத்தமும் கேட்கவில்லை. மே மாதம் கதவின் கீழ்ப்பாதியில் பூட்ஸ் தடங்களைப் பார்த்தான். பெயின்ட் வாங்கினான்.

பாதிரியாரிடம் சொன்னது பொய்.

கணப்பின் தாழ் அசைந்தது. நெம்புகோல் மேலே எழுந்தது. முடிவரை போனது. கண்ணாடிக் கதவு ஒரு விரல் திறந்தது. இடுக்கின் வழியே குளிர் வந்தது. நெருப்பிலிருந்து, பனியின் குளிர்.

அவன் கயிற்றை எட்டிப் பிடித்தபடி கிடந்தான். கயிறு வேறு கதவில் கட்டியிருந்தது.

பூட்ஸை மாட்டிக்கொண்டே, தோளுக்கு மேல் திரும்பி, உண்மையில் அவள் சொன்னது இதுதான்:

"கதவை மூடிடாத, சோன்ட்ரே. திரும்பி வரும்போது ரெண்டு கையும் நிறைய இருக்கும்."